பிக்கப் வண்டி பிறந்த கதை

மன்னர்களின் போர்களும் பேரரசுகளின் எழுச்சி வீழ்ச்சிகளுமே வரலாறு என்று கருதுவோர் உண்டு. உழவனுடைய ஏரும், குயவனுடைய சக்கரமும், தச்சனுடைய உளியுங்கூட வரலாற்றுச் சான்றுகளே என்பதை மாணவ நண்பர்கள் மறத்தலாகாது. அத்தகைய கருவி ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். அதன் பெயர் பிக்கப் வண்டி. முன்புறம் ஓட்டுபவரும் உடன் வருபவரும் அமர்வதற்கு ஓர் அறை. பின்புறம் சரக்கு ஏற்றுவதற்குத் திறந்த தொட்டி. தொட்டியின் கடைசியில் கீழே மடித்து இறக்கத்தக்க ஒரு கதவு. இவ்வளவுதான் அதன் அமைப்பு. உழைப்புக்கென்று பிறந்த இவ்வண்டி பின்னர் உல்லாசத்துக்கும் உரியதாயிற்று. அது எவ்வாறு நிகழ்ந்தது என்று ஆராய்ந்தால், ஒரு பொருளை வாங்குமுன் நாம் எண்ண வேண்டியது யாது என்பதும் விளங்கும்.

1920-ஆம் ஆண்டளவில் அமெரிக்க ஐக்கிய நாட்டுப் பண்ணைகளில் ஏறத்தாழ இரண்டரைக் கோடிக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இருந்தன. அவையே உழுதன; அவையே விளைபொருளைச் சந்தைக்கு இழுத்துச் சென்றன. ஆனால் குதிரைக்கு வேலை இல்லாத நாளிலும் தீனி வைத்தாக வேண்டும். பனிக்காலம் முழுவதும் கொட்டிலில் நின்றவாறே அது தின்றுகொண்டிருக்கும். அத்தீனியை விளைவிக்க நிலத்தில் ஒரு பங்கை ஒதுக்கவும் வேண்டும். ஓடும்போது மட்டுமே எரிபொருள் கேட்கும் இயந்திரம் உழவனுடைய மனத்தைக் கவர்ந்ததில் வியப்பில்லை அன்றோ?

அந்த இயந்திரத்தை அவன் கைக்கு எட்டுமாறு செய்தவர் ஹென்றி ஃபோர்டு. 1908-ஆம் ஆண்டில் அவருடைய நிறுவனம் 'மாடல் டி' என்னும் காரை வெளியிட்டது. அப்போது அதன் விலை சுமார் 850 டாலர். 1913-இல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில், வேலையாள் நின்ற இடத்திலேயே நிற்க, உருவாகும் வண்டி அவர்முன் நகர்ந்து செல்லும் உற்பத்தி முறை புகுத்தப்பட்டது. அதனால் விலை வீழ்ந்தது. 1920-க்குப் பின்வந்த ஆண்டுகளில் அதன் எளிய வகையை 300 டாலருக்கும் குறைவாகவே வாங்க முடிந்தது.

காரை வாங்கிய உழவர்கள் அதை வாங்கியபடியே விட்டுவைக்கவில்லை. காரின் பின்பகுதியைக் கழற்றினர். சிலர் ரம்பத்தால் அறுத்தே எடுத்தனர். அங்கே மரப்பெட்டி ஒன்றைப் பொருத்தி, பால் பாத்திரங்களையும் தானிய மூட்டைகளையும் ஏற்றினர். வேறு சிலர் பின்சக்கரத்தைத் தரையினின்று தூக்கி நிறுத்தி, அதனோடு வாரைப் பூட்டி, மரம் அறுக்கவும் நீர் இறைக்கவும் அதைப் பயன்படுத்தினர். தொழிற்சாலை கார் என்று விற்றதை உழவன் கருவியாக மாற்றிக்கொண்டான். பிக்கப் வண்டியை முதலில் வகுத்தவர்கள் பட்டம் பெற்ற பொறியாளர்கள் அல்லர். பெயர் தெரியாத உழவர்களும் ஊர்க் கொல்லர்களும் சிறு வணிகர்களுமே எனலாம்.

உற்பத்தியாளர் இதைக் கண்டு பாடம் கற்றனர். 1917-இலேயே ஒரு டன் சுமக்கும் வண்டிச் சட்டத்தை ஃபோர்டு நிறுவனம் விற்கத் தொடங்கியிருந்தது. மேலமைப்பை வாங்குபவரே செய்துகொள்ள வேண்டும். 1925-ஆம் ஆண்டிலோ, தொழிற்சாலையிலேயே சரக்குத் தொட்டி பொருத்தப்பட்ட மாடல் டி வண்டி வெளிவந்தது. தொட்டியின் நீளம் 56 அங்குலம்; இயந்திரத்தின் ஆற்றல் 20 குதிரைத்திறன்; விலை 281 டாலர். இன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 5,000 டாலர் ஆகும். அவ்வாண்டில் சுமார் 34,000 வண்டிகள் விற்றன.

இனி, கடல் கடந்து ஆஸ்திரேலியாவுக்குச் செல்வோம். பொருளாதார மந்தத்தால் உலகமே வாடிய காலம் அது. விக்டோரியா மாநிலத்துக் கிப்ஸ்லாந்துப் பகதியைச் சேர்ந்த ஓர் உழவரின் மனைவி, அந்நாட்டு ஃபோர்டு நிறுவனத்துக்கு 1932-ஆம் ஆண்டளவில் ஒரு கடிதம் எழுதினார் என்று சொல்லப்படுகிறது. ஞாயிற்றுக்கிழமை நனையாமல் தேவாலயத்துக்குச் செல்லவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்குக் கொண்டுபோகவும் ஒரே வண்டி வேண்டும் என்பதே அவர் விண்ணப்பம். இரண்டு வண்டிகள் வாங்க வசதி இல்லாத குடும்பத்தின் குரல் அது. லூ பாண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் அத்தகைய வண்டியை வகுத்தார். முன்பகுதி காரின் வசதியுடனும், பின்பகுதி சரக்குத் தொட்டியுடனும் ஒரே உடலாக அமைந்த அவ்வண்டி 1934-இல் ஜீலாங் நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. ஆஸ்திரேலிய மக்கள் அதை 'யூட்' என்று செல்லமாக அழைத்தனர். தொழிலும் குடும்பமும் ஒரே வண்டியில் இடம் பெற்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மற்றொரு மாறுதல் நேர்ந்தது. நான்கு சக்கரங்களும் இயந்திரத்தால் உந்தப்படும் வண்டிகள் போர்க்களத்துச் சேற்றிலும் மணலிலும் தம் திறத்தைக் காட்டியிருந்தன. அவற்றுள் ஒன்றன் வழிவந்த 'டாட்ஜ் பவர் வேகன்' 1946-இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்தது. 1948-இல் ஃபோர்டு நிறுவனம் தன் 'எஃப்' வரிசை வண்டிகளைத் தொடங்கியது. கார் செல்லாத காட்டு வழியும் ஆற்றங்கரையும் இப்போது எட்டத்தக்கவை ஆயின. வார நாட்களில் வைக்கோல் சுமந்த தொட்டி, விடுமுறையில் கூடாரமும் தூண்டிலும் சுமந்தது. தொட்டியின் மேல் சிறு வீடு போன்ற கூட்டை ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றும் வழக்கமும் பரவியது. புகழ் பெற்ற எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1960-ஆம் ஆண்டில் அத்தகைய வண்டியில், தம் நாயைத் துணையாகக் கொண்டு, நாட்டைச் சுற்றிவந்தார். டான் குயிக்சாட்டின் குதிரையுடைய பெயரான 'ரோசினாந்தே' என்பதையே வண்டிக்கும் சூட்டினார். அவ்வண்டியை இன்றும் கலிபோர்னியாவின் சலினாஸ் நகரிலுள்ள அவருடைய நினைவு நிலையத்தில் காணலாம்.

இவ்வரலாற்றில் ஒரு கோழிக்கும் பங்கு உண்டு என்றால் நகைப்பீர்கள். அமெரிக்கக் கோழியிறைச்சி மலிவாக வந்து குவிந்தமையால், ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகள் 1962-இல் அதன்மீது வரியை உயர்த்தின. அதற்குப் பதிலடியாகக் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் 1963 டிசம்பரில் ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். அதன்படி, இறக்குமதியாகும் சிறு சரக்கு வண்டிகள்மீது 25 விழுக்காடு வரி 1964 முதல் விதிக்கப்பட்டது. கோழிச் சண்டை ஓய்ந்தது. வரியோ 60 ஆண்டுகள் கடந்தும் நீடித்தது. வெளிநாட்டுப் போட்டி குறைந்தமையால் உள்நாட்டு உற்பத்தியாளர்க்குப் பிக்கப் வண்டி பொன் விளையும் நிலமாயிற்று. மேலும், 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே வந்த எரிபொருள் சிக்கன விதிகள், கார்களைக் காட்டிலும் இவ்வகை வண்டிகளுக்குத் தளர்வாகவே அமைந்தன. வாங்குவோரின் விருப்பம் மட்டுமன்று, அரசின் வரியும் சட்டமுங்கூட அங்காடியில் நிற்கும் பொருளின் வடிவை மாற்றுகின்றன என்பதற்கு இது தக்க சான்று.

விளைவு என்ன? வண்டி உயர்ந்தது, கனத்தது. முன்னறையில் ஐவர் அமரலாயினர். ஒருகாலத்தில் எட்டு அடித் தொட்டி பெருவழக்காக இருந்தது. இப்போது பல வண்டிகளில் அது ஐந்தரை அடியாகச் சுருங்கிவிட்டது. 50,000 டாலருக்கு மேல் விலையுள்ள வண்டிகள் ஏராளம். அவற்றின் பாதுகாப்பும் வசதியும் பழைய வண்டிக்குக் கனவிலும் கிட்டாதவை என்பதை மறுக்க இயலாது. ஆயினும், தொட்டியில் ஒரு கீறலும் இல்லாமல், பெருமைக்காகவே வாங்கி நிறுத்தப்பட்ட வண்டிகளும் பலவாகிவிட்டன.

வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை. நான் ஏற்றும் சுமை எவ்வளவு? ஒரு வண்டி 1,500 பவுண்டு சுமக்கும் என்றால், அக்கணக்கில் சரக்கு மட்டுமன்று, உள்ளே அமர்வோரின் எடையும் அடங்கும். படகையோ வேறு இழுவை வண்டியையோ பின்னால் பூட்டினால், அது பிக்கப்பின் மேல் அழுத்தும் பாரமும் சேரும். ஐவர் ஏறியபின் எஞ்சுவது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்க்காதவர், விளம்பரத்தின் எண்ணையே வாங்குகிறார். நான்கு சக்கர உந்துதல் தேவைப்படும் வழியில் ஆண்டில் எத்தனை நாள் செல்வேன்? தேவை சில நாட்களே எனில், அதன் கூடுதல் விலையையும் எரிபொருளையும் எல்லா நாட்களுக்கும் சேர்த்தே கொடுக்கிறோம்.

ரம்பத்தை எடுத்த உழவனுக்குத் தன் வேலை இன்னதென்று தெரிந்திருந்தது. ஆதலால் பொருளைத் தன் தேவைக்கு வளைத்தான். வேலை இன்னதென்று அறியாதவனைப் பொருள் தன் போக்குக்கு வளைத்துவிடும். மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் மிதிவண்டி வாங்கினாலும், பிக்கப் வண்டியே வாங்கினாலும், அந்தக் கிப்ஸ்லாந்துப் பெண்மணியை ஒருகணம் நினைவுகூருங்கள். ஞாயிற்றுக்கிழமை தனக்கு என்ன வேண்டும் என்பதும், திங்கட்கிழமை என்ன வேண்டும் என்பதும் கடிதம் எழுதுவதற்கு முன்பே அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தன.