கிளாஸ்கோவின் மாலை வகுப்புகள்

இன்று ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகமாக விளங்கும் கிளாஸ்கோ அண்டர்சன் நிறுவனம் 1796 இல் தோன்றியது. அதன் பௌதிகவியற் பேராசிரியர் ஜோர்ஜ் பேர்க்பெக், விரிவுரைக்கு வேண்டிய மாதிரிப் பொறியொன்றைப் பட்டறையிற் செய்வித்தபோது, அதன் இயக்கத்தை அறியத் தொழிலாளர் காட்டிய ஆர்வத்தைக் கண்ணுற்றார். அவ்வார்வமே 1800 இல் அவர்களுக்கான இலவச மாலை வகுப்பாக உருப்பெற்றது.

அவ்வழி வந்தோருள் யேம்ஸ் யங் குறிப்பிடத்தக்கவர். தந்தையிடம் தச்சுத்தொழில் பயின்ற அவர், தமது 19 ஆவது வயதில் தோமஸ் கிரகாமின் மாலை இரசாயனவியல் வகுப்பிற் சேர்ந்தார். பின்னர் அவருக்கே உதவியாளரானார். 1850 இல் நிலக்கரியிலிருந்து பரபின் எண்ணெய் வடிக்கும் முறைக்கு ஆக்கவுரிமை பெற்றார். 1870 இல் தாம் பயின்ற நிறுவனத்திலேயே தொழினுட்ப இரசாயனவியற் பேராசிரியர் பதவியொன்றை நிறுவினார்.

பட்டறையில் எழுந்த வினாவுக்குச் செவிசாய்த்த கல்விக்கூடம், எழுபதாண்டுகளின்பின் தச்சர் மகனொருவரால் வளம்பெற்றமை சிந்திக்கத்தக்கது.