செங்குளோவருக்குப் பதில் சணலும் பயறும்

கனடாவிலோ ஜேர்மனியிலோ இருக்கும் உறவினர் அனுப்பும் தோட்டக் காணொளிகளில் செங்குளோவர் என்ற செடியைப் பார்த்திருப்பீர்கள். ஒன்ராறியோவில் குளிர்காலக் கோதுமை வயலில் பனி விலகும் நாட்களில் இதன் விதையைத் தூவிவிடுவார்கள். கோதுமை அறுத்த பின்னர் செடி வளர்ந்து மண்ணுக்கு உரமாகும். அதே விதையை முளைக்கவைத்து சலாட்டிலும் போடுவார்கள். அதைக் கண்டு இங்கும் விதை தேடுவோருக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். குளோவர் குளிர்நாட்டுப் பயிர். யாழ்ப்பாணத்து வெயில் அதற்குச் சரிவராது. ஆனால் அது செய்யும் இரண்டு வேலைகளையும் செய்ய நம்மிடம் சணலும் பயறும் உண்டு.

மஞ்சளாகப் பூத்த சணல் வயலுக்குள் நின்று படம் எடுப்பவர்கள் பலர். அந்தப் பூ வந்ததும் உழுதுவிட வேண்டும் என்பதுதான் கமக்காரரின் கணக்கு. விதைத்து 45 முதல் 50 நாட்களில், காய் பிடிக்கும் முன்னரே மடக்கி உழவேண்டும். பிந்தினால் தண்டு நாராகிவிடும், உக்குவதற்கு நாள் எடுக்கும். பரப்புக்கு முக்கால் கிலோ தொடக்கம் ஒரு கிலோ வரை விதை போதும். உழுது இரண்டு வாரம் விட்டு அடுத்த பயிரை வைக்கலாம்.

சணலின் வேர் முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. ஒரு செடியைக் கிளப்பி முடிச்சொன்றை நகத்தால் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. இந்தப் பயிருக்கு யூரியா போடுபவர்கள் காசைக் கொடுத்து அந்த வேலையை நிறுத்துகிறார்கள். மரக்கறியின் வேரில் முடிச்சு விழவைக்கும் வட்டப்புழுக்களையும் சணல் கட்டுப்படுத்துகிறது. சணல் விதை மட்டும் சாப்பாட்டுக்கு உரியதல்ல.

இந்தச் சிக்கனம் ஏன் தேவை என்பதை 2021 மே மாதம் வந்த இரசாயன உரத் தடை காட்டியது. நவம்பரில் தடையை நீக்கினார்கள், ஆனால் விலை பழைய நிலைக்கு இறங்கவில்லை. குடாநாட்டில் இன்னொரு காரணமும் உண்டு. ஆறில்லாத இந்த மண்ணில் குடிப்பதும் கிணற்று நீர், இறைப்பதும் கிணற்று நீர். சுண்ணாம்புக்கல் ஊடாக உரத்தின் நைத்திரேற்று நிலத்தடி நீரில் இறங்குகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால், அந்த நீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது.

1990இல் விட்டுப்போய், பல வருடம் கழித்து வலிகாமம் வடக்கில் காணி திரும்பக் கிடைத்தவர்கள் பற்றைக் காட்டையே கண்டார்கள். அப்படியான காணியில் முதல் போகத்திலேயே வெங்காயம் வைப்பதை விட, ஒரு போகம் சணல் விதைத்து உழுவது நல்லது என்பது என் அபிப்பிராயம். காசு வராத ஒரு போகத்தைத் தாங்குவது கடன்பட்ட குடும்பத்துக்கு இலேசல்ல என்பதும் தெரியும். அப்படியானால் காணியில் பாதியில் மட்டும் செய்யலாம். கண்ணிவெடி அகற்றியதாக உறுதிப்படுத்தப்படாத காணியில் மண்வெட்டியே போடக்கூடாது.

பயறு கையில் காசும் தரும். காலபோக நெல் அறுத்த வயலில் எஞ்சிய ஈரத்தில் விதைத்தால் இரண்டு மாதமளவில் காய் பறிக்கலாம். பறித்த பின் செடியைப் பிடுங்கி எறியாமல் உழுதுவிடுங்கள். நைதரசனில் பெரும்பகுதி மணியோடு போய்விடுவதால் சணல் அளவுக்கு மண் தேறாது, ஆனாலும் வெறும் தரிசை விட மேல்.

முளைக்கவைப்பது எல்லா வீட்டிலும் தெரிந்த வேலைதான். இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் கட்டி, நாளுக்கு இரண்டு மூன்று தடவை அலசினால் ஓரிரு நாளில் முளை வரும். காய்ந்த பயற்றில் அநேகமாக இல்லாத விற்றமின் சி முளையில் உண்டாகிறது. விதைப்புக்கென மருந்து கலந்து விற்கும் பயற்றை மட்டும் இதற்கு எடுக்கவேண்டாம். 2011இல் ஜேர்மனியில் வெந்தய முளையில் பரவிய ஈகோலை கிருமியால் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். முளை வளரும் ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடித்தவை. சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் பச்சையாகக் கொடுக்காமல் அவித்தே கொடுங்கள்.