பின்மார்க்கின் மீன் மேசைகள்

நோர்வேத் தமிழரின் கதையை எழுதுகிறவர்கள் இப்போதெல்லாம் ஒஸ்லோவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்து மூன்று வயதில் இங்கு வந்த கம்சி குணரட்ணம் 2015இல் அந்த நகரின் துணை மேயரானதையும், 2021இல் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானதையும் எழுதுகிறார்கள். எனக்கும் அதில் பெருமைதான். ஆனால் அந்தக் குடும்பம் முதலில் குடியிருந்தது வடக்கே, ஹமர்பெஸ்டில். எங்களில் மிகப் பலர் இந்த நாட்டில் கால் ஊன்றியது அந்தப் பக்கத்தில்தான், மீன் ஆலைகளில். அதை ஏன் இவ்வளவு வேகமாகக் கடந்து போகிறோம் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

தொடக்கமே மீன்தான். குருநகரைச் சேர்ந்த அந்தோனி இராஜேந்திரம் 1956இல் நோர்வேக்கு வந்தார். இங்கே குடியேறிய முதல் தமிழர் அவர் என்பார்கள். கடற்றொழில் ஊரில் பிறந்தவர். நோர்வேக்காரரின் படகையும் வலையையும் பார்த்ததும் தன் ஊர்தான் அவருக்கு நினைவில் வந்திருக்கும். 1967இல் ஆர்னே ஃபியோர்டொஃப்ட் என்ற நோர்வே ஊடகவியலாளரோடு சேர்ந்து 'சீநோர்' திட்டத்தைத் தொடங்கினார். குருநகரில் வலை ஆலை, காரைநகரில் படகுத்துறை. சீநோர் என்ற பெயரை யாழ்ப்பாணத்தில் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். நோர்வே என்றொரு நாடு இருப்பதே பலருக்கு அதனால்தான் தெரியும். அந்தத் தொடர்பைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த சில இளைஞர்கள் வந்தார்கள்.

1975இல் வெளிநாட்டுத் தொழிலாளருக்குக் கதவு மூடியது. மாணவருக்கு மட்டும் ஒரு சிறு வாசல் மிஞ்சியது. பரீட்சையும் பட்டமும் இல்லாத ஓராண்டு விடுதிப் பள்ளிகள் இங்கே உண்டு, ஃபோல்கஹொய்ஸ்கூலே என்று பெயர். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் எங்கள் பெடியள் அவற்றில் அனுமதி எடுத்து வந்து சேர்ந்தார்கள். 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்தவர்கள் அகதி விண்ணப்பம் போட்டார்கள். மனிதாபிமான அடிப்படையில் வதிவிட அனுமதி கிடைத்தவுடன் அவர்களுக்கு வேலை வேண்டும். ஏஜென்சிக்குக் கொடுக்க வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். ஊரில் தங்கச்சிக்குச் சீதனம் சேர்க்க வேண்டும். மொழி கேட்காமல் வேலை கொடுத்த இடம் நோர்வேயின் வடகோடி மாவட்டமான பின்மார்க்.

அங்கே ஆள் தேவைப்பட்டதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1944 இலையுதிர்காலத்தில் ஜெர்மன் படை பின்வாங்கியபோது பின்மார்க்கின் பெரும்பகுதியை எரித்துவிட்டுப் போனது. ஏறத்தாழ 50,000 பேர் வலுக்கட்டாயமாகத் தெற்கே கொண்டுபோகப்பட்டார்கள். ஹமர்பெஸ்டில் மயானச் சிற்றாலயம் ஒன்றைத் தவிர எதுவும் நிற்கவில்லை. போருக்குப் பின் அந்தக் கரையை மீண்டும் எழுப்பியபோது உறைமீன் ஆலைகளை நம்பித்தான் ஊர்கள் எழுந்தன. ஆனால் ஊர்ப் பிள்ளைகள் படித்துத் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் எல்லைக்கு அப்பாலிருந்து பின்லாந்துப் பெண்கள் வந்து வேலை செய்தார்கள். அவர்கள் வருவது குறைந்ததும் அந்த மேசைகளில் நாங்கள் நின்றோம். வார்டோ, போட்ஸ்பியோர்ட், ஹொனிங்ஸ்வோக், ஹமர்பெஸ்ட் என்று நீளும் கரை அது.

நான் எண்பதுகளின் பிற்பகுதியில் கணவரிடம் வந்து சேர்ந்தேன். பின்மார்க்கின் வரங்கர் பக்கத்தில் ஒரு கிராமம். மரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. நவம்பர் கடைசியில் போன சூரியன் சனவரி நடுவில்தான் தலைகாட்டும். ஆலைக்குச் சொந்தமான வீட்டில் இரண்டு குடும்பங்களுக்கு ஒரு குசினி.

மேசையைப் பற்றிச் சொல்லவேண்டும். வெள்ளைக் கண்ணாடிப் பலகை, அடியில் விளக்கு. தோல் உரித்த கொட் மீன் துண்டு அதன் மேல் வந்து விழும். வெளிச்சம் கீழிருந்து ஊடுருவும்போது வயிற்றுப் பக்கத்துச் சதையில் சுருண்டு கிடக்கும் பழுப்புப் புழு தெரியும். கத்தி நுனியால் அதை எடுக்கவேண்டும். பிறகு முள்வரிசையின் இரு பக்கமும் சாய்வாக இரண்டு வெட்டு. முள் ஒரு நாடா போலக் கழன்று வரும். சதையை அதிகம் எடுத்தால் நிறை குறையும். முள் மிஞ்சினால் பரிசோதகர் கண்டுபிடிப்பார். இரண்டுக்கும் காசு வெட்டு. அடிச்சம்பளத்துக்கு மேலே வரும் பணம் முழுவதும் வேகத்தையும் சுத்தத்தையும் பொறுத்தது. பருத்திக் கையுறை, அதன் மேல் இறப்பர் கையுறை. என்றாலும் மத்தியானத்துக்குள் விரல் மரத்துப்போகும். இயந்திர இரைச்சலுக்குக் காதை மூடியிருப்போம், அதனால் பேச்சும் இல்லை. பல வருடம் வேலை செய்தவர்களுக்குக்கூட நோர்வேஜிய மொழி வராமல் போனதற்கு இதுவே முதல் காரணம் என்பேன். அவர்கள் படிக்க மனமில்லாமல் இருந்தார்கள் என்று சொல்பவர்கள் அந்த மண்டபத்துக்குள் நின்று பார்த்ததில்லை.

கத்தி தீட்ட எனக்குச் சொல்லித்தந்தவர் என் அம்மாவின் வயதுடைய ஓர் உள்ளூர்ப் பெண். நான் புது வருடத்தில் ஊர்ச் செய்தி கேட்டு அழுத அன்று, இடைவேளையில் பக்கத்தில் வந்து இருந்தார். சிறுமியாக இருந்தபோது ஜெர்மன் படை தன் வீட்டை எரித்ததைச் சொன்னார். மாட்டைச் சுட்டுவிட்டுக் குடும்பத்தை மீன்பிடிப் படகில் ஏற்றி ட்ரொம்சோவுக்குக் கொண்டுபோனார்களாம். திரும்பக் கூடாது என்று அரசாங்கம் தடுத்தும் 1945 கோடையிலேயே அப்பா திரும்பி வந்து பலகையால் கொட்டில் அடித்தாராம். பாதி எனக்கு விளங்கவில்லை, கையால் காட்டினார். அதற்குப் பிறகு அந்த ஊரில் என்னை யாரும் அந்நியர் என்று சொன்னாலும் எனக்கு உறைக்கவில்லை.

சாதியையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் வீட்டில் மீன்காரி படலைக்கு வெளியே நின்றுதான் கடகத்தை இறக்குவாள். அதே வீடுகளிலிருந்து வந்தவர்கள் இங்கே பிளாஸ்டிக் மேலங்கியோடு குடல் வாடையில் நின்றோம். பக்கத்து மேசையில் கடற்றொழில் ஊர்களான குருநகர், மயிலிட்டியைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய கைக்குக் கத்தி முதல் நாளிலேயே பழகிவிட்டது. சம்பளச் சீட்டில் எல்லோரும் ஒன்று. ஆனால் ஊருக்கு எழுதும் கடிதத்தில் மீன் என்ற சொல் வராது. 'கொம்பனியில் வேலை' என்று எழுதி முடித்துவிடுவோம். நோர்வேயில் எங்களுக்கு நடந்த மிகப் பெரிய மாற்றத்தை நாங்களே மறைத்தோம், இன்றும் மறைக்கிறோம்.

1989 ஏப்ரல் 18 அன்று கரையோரக் கொட் மீன்பிடியை அரசு நிறுத்தியது. கடலில் மீன் அருகிவிட்டது. ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. மக்கள் வெளியேறாமல் தடுக்க 1990இல் பின்மார்க்குக்கு வரிச் சலுகை வந்தது. படிப்புக்கடனிலும் ஆண்டுக்கு ஒரு பகுதி கழிந்தது. அது தாதிமாருக்கும் ஆசிரியருக்கும் உதவியது. கடன் எடுத்துப் படிக்காத எங்களுக்கு வரியில் கொஞ்சம் மிஞ்சியது, அவ்வளவுதான். தொண்ணூறுகளில் ஒவ்வொரு குடும்பமாகத் தெற்கே கிளம்பியது. பிள்ளைகளின் படிப்பு, வார இறுதித் தமிழ்ப் பள்ளி, கோயில், கலியாணப் பேச்சு எல்லாம் ஒஸ்லோவில்தான் இருந்தன. எங்கள் மேசைகளுக்கு ரஷ்யர் வந்தார்கள், பிறகு லித்துவேனியர்.

உடம்பு பின்மார்க்கை மறக்கவில்லை. தோள், மணிக்கட்டு, முதுகு. வடக்கில் ஒரு மீன்பிடிக் கிராமத்துத் தமிழரிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் ஆன்னே சிக்ஃப்ரிட் க்ரொன்செத், மருத்துவரால் காரணம் காண முடியாத வலிகளைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். என்னோடு நின்ற பெண்கள் இப்போது ஓய்வூதிய வயதில் இருக்கிறார்கள். முழு அடிப்படை ஓய்வூதியத்துக்கு இந்த நாட்டில் 40 ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும். பலருக்கு அது சற்றுக் குறைகிறது.

அவர்களைத் தேடிப்போய்ப் பேச்சைப் பதிவு செய்து வருகிறேன். ஊருக்கு என்ன எழுதினீர்கள் என்று எல்லோரிடமும் கேட்பேன். கொம்பனி என்றுதான் பெரும்பாலும் பதில். மயிலிட்டியைச் சேர்ந்த ஒருவர் மட்டும், மீன் வெட்டுகிறேன் என்று முதல் கடிதத்திலேயே அப்பாவுக்கு எழுதியதாகச் சொன்னார். அப்பா மூன்று பக்கத்துக்குப் பதில் போட்டிருந்தாராம். வலைக்கண் எத்தனை விரல், எந்த ஆழத்தில் போடுகிறார்கள், அந்தக் குளிரிலும் படகில் ஐஸ் ஏற்றுகிறார்களா, இவ்வளவு பெரிய தலையை என்ன செய்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஃபோர்மனிடம் கேட்டுக் கேட்டுத்தான் பதில் எழுதினேன், எனக்குப் பாஷை வந்ததே அப்படித்தான் என்றார்.