மதுக்கரைக் காற்றும் இரண்டு நீலப் பறவைகளும்

ஆடி மாசம் மதுக்கரையில காத்து ஆளையே தள்ளும்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லைங்க. பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து அது. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுந்து கிடக்கிற இடம். வடக்கே நீலகிரி; தெற்கே ஆனைமலை, பழனி.

"பரிணாமத்தை யாரு கண்ணால பார்த்தா?" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கணவாயைத்தான் காட்டுவேன்.

1840-களில் சென்னை ராணுவத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன், நீலகிரிச் சோலையில் வாழும் ஒரு நீல நிறச் சிறு பறவைக்குப் பெயர் வைத்தார். 1868-ல் பிளான்ஃபோர்டு பழனி மலைப் பறவை ஒன்றை விவரித்தார். அதுவும் நீலம்தான். ஆனால் நீலகிரிப் பறவைக்கு விலாவில் இருக்கிற செம்பழுப்பு இதற்கு இல்லை, வயிறு வெள்ளை. டார்வின் புத்தகம் வந்து அப்போ ஒன்பது வருஷம்தான் ஆகியிருந்தது.

ரெண்டு மலையிலும் அதே குளிர், அதே சோலை, அதே இருட்டுப் புதர். அப்புறம் ஏன் வேற வேற பறவை? இதில்தான் விஷயமே இருக்கு. சோலையை விட்டு வெளியே வராத பறவை, நடுவில் இருக்கிற சூடான சமவெளியைத் தாண்டாது. ஒரே மூதாதையின் பிள்ளைகள் இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு தனித்தனியே மாறியிருக்கின்றன என்பது ஒரு விளக்கம். அது சரியென்றால் இரண்டும் நெருங்கிய சொந்தமாக இருக்கணும்; மரபணுவிலும் பிரிந்திருக்கணும். சோலையில் வாழும் வேறு பறவைகளும் இதே இடத்தில் பிரிந்திருக்கணும். இல்லையென்றால் விளக்கம் அடிபட்டுப்போகும்.

ரொம்ப காலம் இதை "ஒரே இனம், இரண்டு துணையினம்" என்றே பலரும் எழுதினார்கள். வி.வி. ராபினும் கூட்டாளிகளும் ரத்த மாதிரி எடுத்து மரபணுவைப் படித்தார்கள். இரண்டும் தனித்தனி இனங்கள், ஆனால் ஒன்றுக்கொன்று நெருங்கிய சொந்தம். நீலகிரிச் சிரிப்பானும் பழனிச் சிரிப்பானும் அதே கணவாயில்தான் பிரிந்திருந்தன. 2017-ல் நீலப் பறவைகளுக்குப் புதுப் பேரினப் பெயரே வைத்தார்கள்: சோலிகோலா. நம்ம 'சோலை' தாங்க அது!

அவர்கள் ஆராய்ந்த 23 மலைப் பறவை இனங்களில் எல்லாமே பிரிந்துவிடவில்லை; பாதிக்கும் குறைவுதான். கணவாயைத் தாண்டிப் பறக்கிற பறவைக்கு அது தடையே இல்லையே.