யாழ்ப்பாணர் என்னும் வழித்துணை



நான் வாழ்வது இரும்புலியூரில். தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே, தெற்கு நோக்கிச் செல்லும் பெருஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர் அது. இன்று நகரோடு நகராய்க் கலந்துவிட்டது. என் இளமையில் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றுக்குத் திருவிழாக் காலத்தில் ஓதுவார் ஒருவர் வருவார். அவருடன் கைத்தாளம் ஏந்திய முதியவர் ஒருவரும் வருவார். பாட்டு முடிந்ததும் ஊரார் ஓதுவாருக்கு மாலையிடுவர். மறுநாளும் அவர் குரலைப் பற்றியே பேசுவர். முதியவரோ தாளத்தைத் துணியிற் சுற்றி, ஓதுவாரின் பையையும் தம் தோளில் மாட்டிக்கொண்டு, வண்டிக்காகக் காத்து நிற்பார். பல ஆண்டுகள் அவரைக் கண்டேன். அவர் பெயர் என்ன என்று ஒருநாளும் கேட்டேனில்லை. பின்னர் ஓர் ஆண்டு ஓதுவார் தனியே வந்து, தாளமின்றிப் பாடினார். குரல் அதே குரல்தான்; ஆயினும் பாட்டு நிற்க இடமின்றித் தடுமாறுவதுபோல் எனக்குத் தோன்றியது. அப்பொழுதும் நான் முதியவரைப் பற்றிக் கேட்கவில்லை. கேளாமல் விட்டது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

அந்த உறுத்தலினாலேயே இன்று ஒரு வழித்துணைவரைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் ஊர் ஊராய்ச் சென்று பாடிய இசைவாணருள் திருஞானசம்பந்தருக்கு நிகரானவர் அரியர். ஏழாம் நூற்றாண்டினராகிய அவர் பாடியவற்றுள் 4,000க்கு மேற்பட்ட பாடல்கள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. முதல் மூன்று திருமுறைகளும் அவர் வாக்கே. அவரோடு நடந்து, அவர் பாடியவற்றை உடனுக்குடன் யாழில் இசைத்தவர் திருநீலகண்ட யாழ்ப்பாணர். நான் அவருடைய அன்பன். சம்பந்தரைப் போற்றுவோர் பலர் உளர். பாணரைப் போற்ற ஒருவன் இருத்தல் தகும் அன்றோ?

பாணரின் வரலாற்றை விரிவாக நமக்குத் தந்தவர் எங்கள் பகுதியிற் பிறந்தவர் என்பது எனக்கொரு பெருமை. இரும்புலியூரிலிருந்து வடக்கே தாம்பரமும் பல்லாவரமும் கடந்து, பம்மல், அனகாபுத்தூர் வழியாகச் சென்றால் குன்றத்தூரை அடையலாம். சேக்கிழார் பிறந்த ஊர் அது. அநபாயன் எனப் புகழ்பெற்ற இரண்டாம் குலோத்துங்க சோழனிடம் அமைச்சராய் இருந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டில் பெரியபுராணத்தை அவர் இயற்றினார். சம்பந்தர் காலத்துக்கும் சேக்கிழார் காலத்துக்கும் இடையே ஐந்து நூற்றாண்டுகள் உள்ளன. ஆகவே அவர் கூறுவனவற்றுள் வரலாறும் உண்டு. வழிவழியாக அடியார்கள் போற்றிவந்த செய்திகளும் உண்டு. இரண்டையும் வேறுபிரித்து அறிதல் மாணவர் கடமை. பாணர் பெயர் சேக்கிழாருக்கு நெடுங்காலம் முன்னரே சுந்தரர் பாடிய திருத்தொண்டத் தொகையில் இடம்பெற்றிருப்பதையும் மறவாதீர்கள்.

பாணர் என்பார் யாவர்? எங்கள் ஊர்ச் சாலையிலே தெற்கு நோக்கிச் சென்றால் மதுராந்தகமும் திண்டிவனமும் வரும். சங்க காலத்துச் சிறுபாணாற்றுப்படை காட்டும் ஓய்மாநாடு அப்பக்கத்தது. அந்நாட்டு மன்னன் நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்றாகிய கிடங்கில் இன்று திண்டிவனத்தோடு சேர்ந்திருக்கிறது. 269 அடிகளையுடைய அந்நூல், பரிசில் பெற்ற பாணன் ஒருவன் வறுமையுற்ற மற்றொரு பாணனுக்கு வழி கூறுவதாக அமைந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையும் அவ்வகையினதே. யாழைத் தோளில் ஏந்திச் சென்ற பாணனை அக்காலத்து வேந்தர் எதிர்கொண்டு, உணவும் உடையும் பொன்னும் நல்கினர். பாணர் நடந்தே வாழ்ந்தவர். வழியே அவர்தம் வாழ்வு.

சில நூற்றாண்டுகளுக்குள் அந்நிலை மாறிற்று. வேந்தரின் அவையில் வீற்றிருந்த குலத்தார் கோயிலின் உள்ளே செல்லவும் உரிமையற்றவராயினர். திருநீலகண்ட யாழ்ப்பாணர் பிறந்தது திருஎருக்கத்தம்புலியூர். விருத்தாசலத்துக்கு அண்மையில், இன்று இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் ஊர் அது. அவர் மதுரைக்குச் சென்று ஆலவாய்க் கோயிலின் முன்னே நின்று யாழ் வாசித்தார். அன்றிரவு இறைவன் அடியார்களின் கனவில் தோன்றிப் பணித்தபடி அவரை அவர்கள் சந்நிதிக்கு அழைத்துச் சென்றனர் என்றும், தரையின் ஈரம் தாக்கினால் யாழின் நரம்பு தளரும் என்று வானில் ஒரு குரல் எழ, பொற்பலகை இட்டனர் என்றும் சேக்கிழார் கூறுகிறார். திருவாரூரில் அவர் உட்செல்ல வடக்கே வேறொரு வாயில் வகுக்கப்பட்டதாம். இந்நிகழ்ச்சிகளை நீங்கள் எவ்வாறு கொண்டாலும், இவற்றின் அடியிலே கிடக்கும் உண்மை ஒன்று உண்டு. அக்காலத்துப் பாணர் ஒருவர் வாயிலில் நின்றார்; அவரை உள்ளே அழைக்க இறைவனின் ஆணையே வேண்டியிருந்தது.

இத்தகையவர்தாம் தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு சீகாழிக்கு வந்தார். சம்பந்தர் அந்நாளில் மிக இளையவர். மூன்றாம் ஆண்டிலேயே பாடத் தொடங்கியவர் என்பது மரபு. முதிர்ந்த இசைவாணர் குழந்தையின் பாட்டைக் கேட்டார். யாழில் இட்டு வாசித்தார். இனி என்றும் உடனிருந்து வாசிக்க வேண்டும் என்று விண்ணப்பித்தார். பிள்ளையாரும் இசைந்தார். அன்று தொடங்கிய துணை இறுதிவரையில் நீங்கவில்லை. பாணர் வேண்டியதற்கிணங்க, அவர் பிறந்த எருக்கத்தம்புலியூருக்கும் சம்பந்தர் சென்று பாடினார். துணைவரின் ஊரைத் தம் பாட்டில் வைத்த தலைவர் அவர்.

வழிநடையில் ஒரு நாள் அவர்கள் திருச்சாத்தமங்கையை அடைந்தனர். அங்கே வேதியராகிய திருநீலநக்கர் சம்பந்தரைத் தம் இல்லத்தில் வரவேற்று விருந்தளித்தார். இரவு வந்தது. பாணருக்கும் அவர் மனைவியாருக்கும் தங்க இடம் அளிக்குமாறு சம்பந்தர் கூறினார். நீலநக்கர் சற்றும் தயங்கவில்லை. வீட்டின் நடுவே, வேள்வித் தீ வளர்க்கும் வேதிகையின் பக்கத்திலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். தீ வலஞ்சுழித்து ஓங்கியது என்பர் சேக்கிழார். கோயில் வாயிலில் நின்ற பாணர் வேள்விச் சாலையில் உறங்கினார். சம்பந்தர் அன்று வாளா இருந்திருந்தால், பாணர் திண்ணையிலோ தெருவிலோ இராப்பொழுதைக் கழித்திருப்பார். குறை கூறியிருக்கவும் மாட்டார். துணைவருக்காகத் தலைவர் சொன்ன ஒரு சொல் ஒரு வீட்டின் கதவைத் திறந்தது.

இனி, இவ்வரலாற்றின் உயிர்நிலையான நிகழ்ச்சிக்கு வருவோம். காரைக்காலுக்கு அண்மையிலுள்ள தருமபுரம், பாணருடைய தாயார் பிறந்த ஊர். சம்பந்தரோடு அவர் அங்குச் சென்றபோது சுற்றத்தார் மகிழ்ந்து எதிர்கொண்டனர். பிள்ளையாரின் பாட்டை யாழில் வாசிக்கும் பேறு தமக்குக் கிடைத்ததைப் பாணர் அவர்களிடம் சொன்னார். சுற்றத்தார், “நீங்கள் யாழில் வாசிப்பதனாலன்றோ அப்பாட்டின் இசை உலகெங்கும் பரவுகிறது!” என்ற கருத்துப்பட மறுமொழி கூறினர்.

அன்பினாற் கூறிய புகழ்ச்சிதான் அது. தம் வீட்டுப் பிள்ளையைப் பற்றி உறவினர் வேறெவ்வாறு பேசுவர்? கேட்பவர் புன்னகைத்துவிட்டுப் போயிருக்கலாம். பாணரோ நடுங்கினார். நேரே சம்பந்தரிடம் சென்று, பாட்டின் இசை யாழில் அடங்காது என்பதை இவ்வூராரும் உலகோரும் அறியும்படி ஒரு பதிகம் பாடியருள வேண்டும் என்று கேட்டார். நண்பர்களே, இவ்வேண்டுகோளைச் சற்று எண்ணிப் பாருங்கள். தம் தாயின் ஊரில், தம் சுற்றத்தார் கண்ணெதிரே, தாம் தோற்க வேண்டும் என்று ஒரு கலைஞர் தாமே கேட்கிறார்!

சம்பந்தர் பாடினார். பாணர் வாசிக்க முயன்றார், இயலவில்லை. இதற்கு இசைநூல் வழியிலும் ஒரு விளக்கம் கூறலாம். யாழில் ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய ஒரு சுரத்தையே ஒலிக்கும். பேரியாழுக்கு 21 நரம்புகளும் செங்கோட்டியாழுக்கு 7 நரம்புகளும் உரியன என்று பழைய உரை கூறும். வீணையில் மெட்டுகள் உண்டு; ஒரே தந்தியில் பல சுரங்களைப் பிடிக்கலாம், தந்தியை இழுத்துக் குரலைப் போல் வளைத்தும் அசைத்தும் காட்டலாம். யாழில் அதற்கு இடமில்லை. குரல் வளைந்து நெளிந்து செல்லும் வழியில் யாழ் பின்தொடர முடியாமல் நின்றிருக்கக் கூடும். முதல் திருமுறையின் இறுதியில், 136ஆம் பதிகமாக அப்பாட்டு உள்ளது. அதன் பண்ணுக்கு யாழ்முரி என்றே பெயர். இன்று ஓதுவார்கள் அதனை அடாணா இராகத்தில் பாடுவர். தருமபுரத்து இறைவனுக்கும் யாழ்மூரிநாதர் என்பது பெயர்.

வாசிக்க இயலாத பாணர் யாழைக் கீழே வைக்கவில்லை, உடைக்கவே ஓங்கினார். பழிக்குக் காரணமான கருவி இனி எதற்கு என்பது அவர் எண்ணம். அப்பொழுது சம்பந்தர் தடுத்தார். தடுத்த வேளையில் பாணரை அவர் “ஐயர்” என்று விளித்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். வேதியர் குலத்து இளைஞர், கோயில் வாயிலில் நிறுத்தப்பட்ட குலத்து முதியவரை அவ்வாறு அழைக்கிறார்! திருவருளின் பெருமையெல்லாம் ஒரு கருவியில் அளவுபட்டு அடங்குமோ என்று கேட்டு, இயன்றவரை இதில் வாசியுங்கள் என்று யாழைத் திரும்ப அளிக்கிறார்.

‘இயன்றவரை’ என்பது எளிய சொல்லாயினும், அதனுள்ளே பாணரின் பின்னைய வாழ்வு முழுவதும் அடங்கியிருக்கிறது. தம் கருவியின் எல்லையை ஊரறியக் கண்ட பிறகும் அவர் யாழை எடுத்துக்கொண்டு மறுநாள் வழி நடந்தார். வென்ற நாளில் உடனிருப்பார் பலர். தன் குறையை உணர்ந்த பின்பும் அன்பு மாறாமல் உடன் நடப்பதே துணைமை. பாணரிடத்தில் நான் கண்டு வணங்குவது இதனையே.

இத்தகைய துணைமை நம் நாட்டின் வடபகுதியிலும் உண்டு. குருநானக் (1469–1539) ஊர் ஊராய்ச் சென்று பாடியபோது மர்தானா என்பவர் ரபாப் என்னும் நரம்புக்கருவியுடன் உடன் சென்றார். அவர் முஸ்லிம்; பாணரைப் போலவே இசையைக் குலத்தொழிலாகக் கொண்ட மிராசி மரபினர். நெஞ்சில் பாட்டு எழும்போதெல்லாம் ரபாபை மீட்டுமாறு மர்தானாவிடம் குருநானக் கூறுவார் என்பது சீக்கியர் மரபு. காலத்தாலும் மொழியாலும் சமயத்தாலும் வேறுபட்ட இரு துணைவர். தொழில் ஒன்றே, அன்பும் ஒன்றே.

சம்பந்தரின் வாழ்வு நல்லூர்ப் பெருமணத்தில், இன்றைய ஆச்சாள்புரத்தில், அவருடைய திருமண நாளன்று முடிந்தது என்பர். அங்குத் தோன்றிய சோதியில் அவரோடு பாணரும் மதங்கசூளாமணியாரும் கலந்தனர் என்பது புராணம். ஆனால் பாணரின் தொண்டு அங்கே முடிந்ததா? இல்லை.

நூற்றாண்டுகள் கழிந்தன. தில்லையில் செல்லரித்துக் கிடந்த தேவார ஏடுகளை இராசராச சோழன் காலத்தில் நம்பியாண்டார் நம்பி கண்டெடுத்தார் என்று திருமுறைகண்ட புராணம் கூறும். பாடல்கள் கிடைத்தன, அவற்றைப் பாடும் பண்முறையை அறிந்தவர் இல்லை. யாரிடம் சென்றனர் தெரியுமா? எருக்கத்தம்புலியூருக்குச் சென்றனர். அங்கே யாழ்ப்பாணரின் மரபில் வந்த பெண்மணி ஒருவர் பண்களை வகுத்துக் கொடுத்தார் என்பது அந்நூல் தரும் செய்தி. தலைவரின் பாட்டு ஏட்டில் இருந்தது. அதன் இசை துணைவரின் குடியில் உயிரோடிருந்தது! ஆனால் நன்றி மறவாத அந்நூலும் அப்பெண்மணியின் பெயரைக் கூறவில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட இராசராசன் அமர்த்தியோரின் பட்டியலைக் கல்வெட்டிற் காணலாம். பாடுவோர் 48 பேர். உடுக்கை வாசிப்பவர் ஒருவர். கொட்டிமத்தளம் வாசிப்பவர் ஒருவர். ஆக 50 பேர். அப்பட்டியலில் யாழ் இல்லை. நாளடைவில் யாழ் வழக்கொழிந்தது. ஈழத்துத் தமிழறிஞர் விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து, பழைய யாழ்களின் அமைப்பை விளக்கி யாழ்நூலை இயற்றினார். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அந்நூல் அரங்கேறிற்று. அவ்வாண்டிலேயே அடிகள் மறைந்தார்.

யாழ் மறைந்தது, பாணர் பெயர் நின்றது. எத்தனையோ துணைவரின் பெயர்கள் நிற்கவில்லை. இனி நீங்கள் ஓர் இசையரங்குக்கோ கோயில் விழாவுக்கோ சென்றால், பாடியவரைப் பாராட்டிய பின் இன்னும் சற்று நேரம் அங்கே நில்லுங்கள். சுருதி சேர்த்தவரும் தாளம் தட்டியவரும் கருவிகளைக் கட்டிக்கொண்டிருப்பர். அவர்களிடம் சென்று பெயரைக் கேளுங்கள். இரும்புலியூர்ச் சிறுவன் ஒருவன் கேட்கத் தவறினான். நீங்கள் தவற வேண்டாம்.