எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே

பெரியவர்களை மனதில் வைத்து எடுக்கப்பட்ட ஒரு நகைச்சுவைத் தொடரைப் பதினான்கு வயதுப் பிள்ளை பார்க்கலாமா? இந்தக் கேள்வியை அமெரிக்கா 1970களில் நாடாளுமன்றம், நீதிமன்றம், ஒளிபரப்பு நிறுவனம் என்று பல இடங்களில் வைத்துப் பேசித் தீர்த்தது. அதைக் கிளப்பிய தொடர்களில் முதன்மையானது நார்மன் லியர் உருவாக்கிய ‘ஆல் இன் தி ஃபேமிலி’. ‘டில் டெத் அஸ் டூ பார்ட்’ என்ற பிபிசி தொடரைத் தழுவிய அது, 1971 ஜனவரி 12 அன்று சிபிஎஸ் அலைவரிசையில் தொடங்கியது. கறுப்பர், யூதர், பெண்கள், குடியேறியவர் என யாரையும் விட்டுவைக்காமல் ஏசும் ஆர்ச்சி பங்க்கர் அதன் நாயகன். ஒரே கூரையின் கீழ் வாழும் மருமகன் மைக் அவரை விடாமல் எதிர்த்துப் பேசுவான். தொடரின் நோக்கத்தை விளக்கும் முன்னறிவிப்பு ஒன்றைப் போட்ட பிறகே சிபிஎஸ் முதல் பகுதியை ஒளிபரப்பியது. அதற்கு முன் நகைச்சுவைத் தொடர்கள் கிட்டத்தட்ட எட்டியே பார்க்காத இனவெறி, வியட்நாம் போர், மாதவிடாய் நிற்றல் போன்றவற்றைப் பேசிய அந்தத் தொடர் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, குடும்பம் முழுவதும் கூடியிருக்கும் நேரத்தில், வந்துகொண்டிருந்தது.

அதை அந்த நேரத்திலிருந்து அப்புறப்படுத்திய புயல் வேறு திசையிலிருந்து வந்தது. 1974 செப்டம்பரில் என்பிசி ‘பார்ன் இன்னசென்ட்’ என்ற தொலைக்காட்சிப் படத்தை ஒளிபரப்பியது. சிறுமியர் சீர்திருத்தப் பள்ளியில் நடக்கும் கொடூரமான பாலியல் வன்முறைக் காட்சி அதில் இருந்தது. பெற்றோரின் கோபம் நியாயமானது. நாடாளுமன்றக் குழுக்கள் நெருக்க, ஒளிபரப்புத் துறையைக் கண்காணிக்கும் ஆணையத்தின் தலைவர் ரிச்சர்ட் வைலி மூன்று பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களின் தலைவர்களையும் அழைத்துப் பேசினார். அதன் விளைவாக, மாலைப்பொழுதின் முக்கிய ஒளிபரப்பில் முதல் ஒரு மணிநேரமும் அதற்கு முந்தைய மணிநேரமும் முழுக் குடும்பத்துக்கும் ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று ஒளிபரப்பாளர் சங்கத்தின் நெறிமுறையில் ஒரு விதி சேர்ந்தது. ‘குடும்ப நேரம்’ என்று அழைக்கப்பட்ட இந்த ஏற்பாடு 1975 இலையுதிர்காலத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆர்ச்சி பங்க்கர் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பெயர்ந்தார்.

பதின்வயதினரைப் பொறுத்தவரை இந்த ஏற்பாட்டின் அடிப்படையே பிழை என்பது என் கருத்து. கிழக்குக் கடற்கரையில் ஒன்பது மணிக்கு வந்த தொடர், நேர மண்டல வேறுபாட்டால், சிகாகோவில் எட்டு மணிக்கே வந்தது. நியூயார்க் பிள்ளைக்கு எட்டு மணியில் ஆகாத தொடர் சிகாகோ பிள்ளைக்கு மட்டும் அதே எட்டு மணியில் எப்படி ஆகும்? தொடர் பார்வையாளரை இழக்கவும் இல்லை. 1975-76 பருவத்திலும், தொடர்ந்து ஐந்தாம் ஆண்டாக, நாட்டில் அதிகம் பார்க்கப்பட்ட தொடர் அதுதான். அத்தனை வீடுகளிலும் பள்ளிப் பிள்ளைகள் ஒன்பது மணிக்கே தூங்கப் போயிருப்பார்கள் என்று நம்ப முடியாது. ஐந்து வயதுக் குழந்தையையும் பதினைந்து வயது மாணவனையும் ஒரே மணிநேரத்துக்குள் அடைத்ததால், குழந்தைக்குத் தேவையான காப்பே மாணவனுக்கும் அளவாகிப் போனது. எழுத்தாளர் சங்கமும் லியரும் தொடுத்த வழக்கில், அரசு நெருக்கடி கொடுத்து உருவாக்கிய இந்த ஏற்பாடு பேச்சுரிமைக்கு எதிரானது என்று 1976 நவம்பரில் நீதிபதி வாரன் ஃபெர்குசன் தீர்ப்பளித்தார். பின்னர் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது முதலில் ஆணையத்தின் முன் செல்ல வேண்டிய விவகாரம் என்று சொல்லி அந்தத் தீர்ப்பை நீக்கியது. சட்டச் சண்டையில் யார் வென்றார்கள் என்பதைவிட, பிள்ளைகள் அந்தத் தொடரை எப்படிப் பார்த்தார்கள் என்பதுதான் நமக்கு முக்கியம்.

அதற்குச் சான்று உண்டு, அதுவும் குடும்ப நேரம் பிறப்பதற்கு முன்பே வெளிவந்தது. நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்ற இரு உளவியலாளர்கள் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் கனடாவைச் சேர்ந்த வயதுவந்தோரையும் விசாரித்து 1974இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரு தரப்பினரும் தொடரை ரசித்தார்கள். ஆனால் முன்முடிவும் வெறுப்பும் மிகுந்தவர்கள் ஆர்ச்சி சொல்வதே நியாயம் என்றும், கடைசியில் வெல்வது அவர்தான் என்றும் கருதும் போக்குக் கூடுதலாக இருந்தது. லியர் கேலிக்காக வைத்த வசனத்தைச் சிலர் ஆமோதித்துச் சிரித்தார்கள். கண்ட காட்சியை வேறாக்கியது வயதல்ல, பார்ப்பவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த மனம் என்றே இதை நான் படிக்கிறேன்.

அப்படியானால் பதின்வயதினருக்கு அந்தத் தொடரை முற்றாக மறுத்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். ஆனால் அந்த ஆய்வு தொடர் வெறுப்பை உண்டாக்கியது என்று காட்டவில்லை. ஏற்கெனவே இருந்த வெறுப்பு தனக்கு வேண்டியதைத் தொடரில் பொறுக்கிக்கொண்டது என்றுதான் காட்டியது. தொடரை மறைத்தாலும் அந்த வெறுப்பு வீட்டில் அப்படியே இருக்கும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாய் என்று கேட்க ஒரு பெரியவர் அருகே இருந்தால், மறைந்து கிடப்பது வெளியே வர ஒரு வாய்ப்பாவது உண்டு.

எல்லாப் பெற்றோராலும் உட்கார்ந்து பார்க்க முடியாது, அவர்களுக்கு ஒரு அடையாளமாவது வேண்டாமா என்ற மறுப்புக்கு 1997இல் வந்த தரக்குறியீடுகள் பதிலாக அமைந்தன. ‘டிவி-14’ என்ற குறி குழந்தையையும் பதின்வயதினரையும் முதன்முறையாகப் பிரித்துப் பார்த்தது. அந்த அளவில் அது கடிகாரத்தைவிட மேல். பாலியல் சாடையான பேச்சு, கொச்சை மொழி, பாலியல், வன்முறை ஆகியவற்றுக்கான எழுத்துகள் அதே ஆண்டு அக்டோபரில் சேர்ந்தன. ஆனால் குறியீட்டை இடுபவர்கள் ஒளிபரப்பாளர்களே. மேலும், அந்த எழுத்துகள் ஒரு விஷயம் இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். லியரின் இன்னொரு தொடரான ‘மாட்’ 1972 நவம்பரில், நாற்பத்தேழு வயதில் கருவுற்ற நாயகி கருக்கலைப்பைத் தேர்வதை இரண்டு பகுதிகளில் சொன்னது. குடும்பமே கூடிப் பேசித் தயங்கி முடிவெடுக்கும் கதை அது. இந்தக் குறியீட்டில் அதுவும், பெண்ணின் உடலை வைத்து அரை மணிநேரம் கிண்டலடிக்கும் தொடரும் ஒரே எழுத்தைப் பெறக்கூடும். முன்னதைப் பதினான்கு வயது மகளுக்கு நானே போட்டுக் காட்டச் சொல்வேன். பின்னதை வேண்டாம் என்பேன். இந்தியாவில் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி இணையத் தளங்கள் தாங்களே இடும் 13+, 16+ குறிகளுக்கும் இந்தக் குறை உண்டு. எத்தனை வயதுக்கு என்ற எண்ணைப் பார்த்த பிறகும் வீட்டில் ஒருவர் முதல் இரண்டு மூன்று பகுதிகளையாவது பார்க்க வேண்டியிருக்கிறது: சிரிப்பு யார் மேல் விழுகிறது, அவருக்குத் திருப்பிச் சொல்லக் கதைக்குள் வாய் இருக்கிறதா என்பதை அறிய.