மேகம் மறைத்த வெள்ளி

காலாப்பட்டில் முனைவர் பட்டம் முடித்த நண்பன் ஒருத்தன் போன வாரம் ஒரு ஆராய்ச்சிப் பணி அறிவிப்பை அனுப்பியிருந்தான். இயற்பியல், வேதியியல், கடல் உயிரியல்னு வரிசையா இடங்கள். கடைசியில் ஒரே வரி: எல்லாமே தற்காலிகப் பணி. "நம்ம ஊர்ல ஆராய்ச்சி வேலைன்னா எப்பவுமே இப்படித்தானாடா?"ன்னு கேட்டான். அதுக்குப் பதில்தான் இந்த எபிசோட்.

1760 மார்ச்சில் பாரிஸ் அறிவியல் கழகத்தைச் சேர்ந்த வானியலாளர் லெ ஜாந்தி புதுச்சேரிக்குக் கப்பல் ஏறினார். சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கடக்கும் நேரத்தைப் பல ஊர்களிலிருந்து அளந்தால், சூரியன் எவ்வளவு தூரம்னு கணக்கிடலாம். ஆனால் அவர் வந்து சேர்வதற்குள், 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடிச்சிட்டாங்க. கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடும் கப்பலிலிருந்து வெள்ளியைப் பார்த்தார். ஆனா அங்கே துல்லியமா அளக்க முடியலை.

அடுத்த வாய்ப்பு எட்டு வருஷம் கழிச்சு. மனுஷன் ஊருக்குத் திரும்பவே இல்லை. 1768-ல் புதுச்சேரி வந்தார். இடிந்து கிடந்த கோட்டைக்குள் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 விடியற்காலை, சரியா அந்த நேரத்தில் மேகம் மூடியது. எல்லாம் முடிஞ்ச பிறகு வெயில் அடித்தது.

1771-ல் பாரிஸ் திரும்பினால், செத்துட்டார்னு நினைச்சு வாரிசுகள் சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாங்க. கழகத்தில் அவர் இடமும் வேறொருத்தருக்குப் போயிருந்தது. பிறகுதான் திரும்பக் கிடைத்தது.

உலகம் அடிக்கடி சொல்ற கதை இதோட முடிஞ்சிடும். எனக்குப் பிடிச்ச பகுதி வேற. இங்கே இருந்தபோது, தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையை அவர் கற்றுக்கொண்டார். தரையில் உட்கார்ந்து, சோழிகளை நகர்த்தி, மனப்பாட வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்துக் கணக்குப் போடுவாங்க. ஒரு மென்பொருள்காரனா சொன்னா, மொத்த டேபிளும் மெமரியில் இருக்கு! 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் புகழ்பெற்ற மாயர் அட்டவணை 68 விநாடி அதிகம்.

1825-லும் ஜான் வாரன் என்பவர் இதே ஊரில் ஒரு பஞ்சாங்கக் கணிதர் சோழி வைத்துக் கிரகணம் கணித்ததைப் பதிவு செய்தார். அரை நூற்றாண்டு கழிச்சும் அந்த வித்தை கைமாறி உயிரோடு இருந்திருக்கு.

நண்பனுக்கு இதைத்தான் சொன்னேன். லெ ஜாந்தி இழந்த பதவியைத் திரும்பக் கேட்க ஒரு கழகம் இருந்தது. அவருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்தக் கழகத்தில் இடம் இருந்ததே இல்லை. டேய், வேலை தற்காலிகமா இருக்கட்டும்; நீ கண்டுபிடிச்சதை உன் பேரோட எழுதி வை.

உங்க வீட்டில் பழைய வாக்கியப் பஞ்சாங்கம் இருந்தா எடைக்குப் போட்டுடாதீங்க. எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.